வாசலில் காளி

நவராத்திரி தொடங்கி ஓரிரு நாளிலேயே தென்காசிக் கடைத்தெருவின் முகம் மாறிவிடும். காசி விசுவநாதர் கோபுரத்துக்கு எதிரே பழக்கடையில் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருப்பவர் தலை நிமிர்ந்தால், ஆளுயரத்தைவிடப் பெரிதாக ஒரு காளி நின்றிருப்பாள். சடைமுடி, கிரீடம், தொங்கும் சிவப்பு நாக்கு, முதுகுப் பக்கமிருந்து இருபுறமும் விரியும் மரக்கைகள். அவளோடு ஒரு குறத்தி, ஒரு கரடி, காக்கி உடுப்பில் ஒரு போலீஸ்காரர், கந்தல் கட்டிய பிச்சைக்காரர் ஒருவர். தப்பட்டை ஒரு நிமிடம் ஓயும். தட்டு நீளும். “அம்மாவுக்குக் காணிக்கை போடுங்க அண்ணாச்சி.”

முதல் தட்டுக்குச் செருப்பைக் கழற்றிக் கையெடுத்துக் கும்பிட்டுப் பத்து ரூபாய் போடும் கடைக்காரர், சாயங்காலம் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் வருகிற தட்டைப் பார்த்து, “இப்பத்தான ஒரு செட் வந்துட்டுப் போச்சு” என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே கல்லாவில் சில்லறையும் தேடுவார். குற்றாலம் போகிற வழியில் மேலகரம், இலஞ்சித் தெருக்களிலும் இதுதான். கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்க்கிற பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை வீரிட்டு அழும். “சாமி வந்திருக்குல்லா, கும்பிட்டுக்கோ” என்று பிள்ளையைத் தேற்றுவாள். காணிக்கை போட்டுக் கதவைச் சாத்தியதும், “யாரு எவருன்னு தெரியாம வாசலைத் திறக்க வேண்டியதா இருக்கு” என்று வீட்டுக்காரரிடம் சொல்வாள். இரண்டும் அவள் மனதில் உள்ளதுதான். ஒன்று மெய், மற்றது பொய் என்று பிரிக்க முடியாது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அக்டோபர் 31 ஆம் தேதி மாலை இதே நிலையில் லட்சக்கணக்கான வீடுகள் இருக்கும். அங்கே வேஷம் கட்டி வருவது குழந்தைகள். கேட்பது மிட்டாய். அந்த நாளின் பெயர் ஹாலோவீன். நியூஜெர்சியில் இருக்கும் பேரப்பிள்ளை சூனியக்காரித் தொப்பியோடு நிற்கும் படம் தென்காசித் தாத்தாவின் கைபேசிக்கும் வந்துவிடுகிறது. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு தளம் தளமாகக் கதவு தட்டத் தொடங்கியிருக்கிறார்கள். “நமக்கெதுக்கு இந்தப் பேய்க் கூத்து?” என்று கோபப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் நம் தெருவில் நடப்பதை ஒருமுறை ஊன்றிப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சுக்கு வரலாம்.

தென்காசித் தெருவில் வேஷம் கட்டி நிற்கிறவர் போய்ச் சேர வேண்டிய இடம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. குலசேகரன்பட்டினம். பக்தர்கள் வாயில் குலசை. அங்கே ஞானமூர்த்தீசுவரரோடு ஒரே கருவறையில் உட்கார்ந்திருக்கிறாள் முத்தாரம்மன். அவளுக்கு நடக்கும் தசரா, மைசூர் தசராவுக்கு அடுத்தபடியாக இங்கே பேசப்படுவது. கொடியேறிப் பத்தாம் நாள், விஜயதசமி நள்ளிரவில், கடற்கரை மணலில் மகிஷாசுர வதம் நடக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களின் ஊர் ஊராகத் தசரா குழுக்கள் உண்டு. கடையத்துக்காரரும் ஆலங்குளத்துக்காரரும் பாவூர்சத்திரத்துக்காரரும் தங்கள் ஊர் பெயர் போட்ட பேனரோடு வேன் பிடித்து அங்கே போய்ச் சேர்வார்கள்.

போவதற்கு முன்பு செய்ய வேண்டியதுதான் நம் வாசலுக்கு அவர்களைக் கொண்டுவருகிறது. நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், வெளிநாட்டு வேலை கிடைக்க வேண்டும் என்று ஏதோ ஒன்றுக்காக நேர்ந்துகொண்டவர், மாலை போட்டு விரதம் தொடங்குவார். வேஷத்துக்கும் நேர்ச்சைக்கும் ஏற்ப நாற்பத்தெட்டு நாள், நாற்பத்தொரு நாள், இருபத்தொரு நாள், பதினொரு நாள் என்று அது மாறும். காளி வேஷத்துக்கு விரதம் கடுமை. ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, ஊருக்கு வெளியே அல்லது கோயிலை ஒட்டிப் போட்ட குடிலில் தங்கல். கொடியேறிய பிறகு கையில் காப்புக் கட்டிக்கொண்ட பின்தான் வேஷம் ஏறும். வேஷம் கட்டியவர் வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் போட வேண்டும். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு லட்சம் எடுத்துப் போட்டாலும் நேர்ச்சை தீராது. ஊராரிடம் கையேந்தி வாங்கியதுதான் கணக்கு.

இதன் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கட்டட வேலைக்காரரும் கல்லூரி மாணவரும் கடை முதலாளியும் சிங்கப்பூரிலிருந்து விடுப்பெடுத்து வந்தவரும் ஒரே குழுவில் நிற்பார்கள். முதலாளி பிச்சைக்காரன் வேஷம் கட்டியிருப்பார். தன்னிடம் சம்பளம் வாங்குகிறவர் வீட்டு வாசலில் அவர் தட்டை நீட்டியாக வேண்டும். நான் என்கிற நினைப்பு கரைய வேண்டும் என்பதற்காகவே மடிப்பிச்சை ஏந்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பல கோயில்களுக்கு உண்டு. வசதியான வீட்டுப் பெண்கள் மஞ்சள் சேலை கட்டி, முந்தானையை விரித்து, அக்கம்பக்கத்தில் அரிசியும் காசும் வாங்கிப் போய்க் கோயிலில் செலுத்துகிறார்கள். குலசை வேஷமும் அந்த மரபின் கிளைதான். கேட்கிறவருக்குக் கொடுக்கிறவர் தேவை. அதுபோலவே கொடுக்கிறவருக்கும், தான் போக முடியாத கோயிலுக்குத் தன் பங்காக ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்த நிறைவு. அதனால்தான் படுக்கையில் கிடக்கும் ஆச்சியும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தனுப்புகிறாள்.

ஆனாலும் சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு ஒரு ஊருக்கு ஒரு குழு என்றிருந்தது இன்று தெருவுக்குத் தெரு பெருகிவிட்டது. ஒரே நாளில் ஒரே வாசலுக்குப் பல குழுக்கள் வருகின்றன. போட்ட காசைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, பத்து ரூபாதானா?” என்று கேட்கிற இளைஞர்களும் உண்டு. பேருந்தை மறித்து ஆடுவது, மருத்துவமனை இருக்கிற தெருவில் பெட்டி வைத்து சினிமாப் பாட்டை அலறவிடுவது, குடித்த வாயோடு வேஷத்துக்குப் பக்கத்தில் நிற்பது எல்லாம் நடக்கின்றன. காப்பே கட்டாமல் சும்மா சாயம் பூசிக்கொண்டு வந்து வசூலித்துப் போகிறவர்களைப் பற்றி உண்மையான விரதக்காரர்கள்தான் நம்மைவிட அதிகம் வருந்துகிறார்கள். ஆபாச நடனத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட வேண்டியிருந்தது. இரும்பு ஆயுதம் கொண்டுவரக் கூடாது, சாதி அடையாளம் தெரியும் கொடியோ ரிப்பனோ கூடாது என்று மாவட்ட நிர்வாகம் திருவிழாவுக்கு முன் அறிவிக்க வேண்டியிருக்கிறது. அம்மனுக்கு நேர்ந்த வேஷத்தில் சாதி ரிப்பன் எங்கே வந்தது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. வாசலில் வந்து நிற்பது பக்தியா பலமா என்று வீட்டுக்காரருக்கு ஐயம் வந்துவிட்டால், அதன்பின் அவர் போடுகிற காசு காணிக்கையாக இருக்காது.

கோயில் கொடைக்கு வரி பிரிக்க வருகிறவர்களிடம் இந்த ஐயம் எழுவதில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்தது, நோட்டில் பெயர் இருக்கிறது, வந்திருப்பவர் பக்கத்துத் தெருக்காரர். வேஷத்தில் வருகிறவருக்கு முகமும் இல்லை, நோட்டும் இல்லை. நம்பிக்கை ஒன்றை வைத்தே அந்தக் காசு கைமாறுகிறது.

மிட்டாயும் பயமும்

ஹாலோவீனின் வேரும் நம் பிள்ளைகள் படத்தில் பார்க்கிற பிளாஸ்டிக் எலும்புக்கூட்டில் இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில் கெல்டிய மக்கள் சாம்ஹைன் என்ற விழா கொண்டாடினார்கள். அன்று இறந்தவர்கள் தங்கள் வீடு தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. பிற்பாடு கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1 ஆம் தேதியைப் புனிதர் அனைவருக்கும், 2 ஆம் தேதியை இறந்த ஆன்மாக்களுக்கும் உரிய நாளாக்கியது. தென்காசி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளை வெள்ளையடித்துப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும் கல்லறைத் திருநாள் அதே நவம்பர் 2 தான். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் அந்த நாள்களில் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி, ஆன்மா அப்பம் என்று ஒரு சிறு ரொட்டியை வாங்கிப்போனார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வேஷம் கட்டி வந்து, பாட்டோ விடுகதையோ சொன்ன பிறகுதான் பழமோ காசோ பெற்றார்கள். 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களோடு இவையெல்லாம் அமெரிக்கா போயின. மிட்டாய் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று மிரட்டுகிற இன்றைய வடிவம் அங்கே 1920களிலும் 30களிலும் உருவானது.

எனவே அந்த ஊர் வாசலிலும் முதலில் நடந்தது ஒரு கொடுக்கல் வாங்கல்தான். வேண்டுதல் ஒருபக்கம், அப்பம் மறுபக்கம். வேண்டுதல் போய் மிரட்டல் மட்டும் மிஞ்சியபோதுதான் அங்கும் முகச்சுளிப்பு தொடங்கியது. இங்கிலாந்தில் தனியாக வாழும் முதியவர்கள் கதவில் ஒட்டிக்கொள்வதற்காக, “தயவுசெய்து இங்கே கதவு தட்ட வேண்டாம்” என்ற அறிவிப்பைப் பல ஊர்க் காவல்துறையினரே அச்சிட்டுத் தருகிறார்கள். அமெரிக்காவில் இதற்குச் சொல்லாமலே ஓர் ஏற்பாடு உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அடுத்த வீடு. பிள்ளைகளுக்கே இது தெரியும்.

மிட்டாயில் விஷம் என்ற பயமும் அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த செய்திகளை அலசிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்து ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு நிகழ்வுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974 இல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தான். வைத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய தந்தை. 1984 இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பயம் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆபத்து வீட்டுக்குள் இருந்தது.

1992 அக்டோபர் 17 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்தது இன்னும் கொடுமை. ஹாலோவீன் விருந்துக்குப் புறப்பட்ட பதினாறு வயது ஜப்பானிய மாணவன், முகவரி மாறி வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டான். வெள்ளைக் கோட்டு அணிந்து உற்சாகமாக நெருங்கி வந்த பையனை வீட்டுக்காரர் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். “நகராதே” என்று அவர் கத்திய ஆங்கிலம் அந்தப் பையனுக்குப் புரியவில்லை. குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார்.

மேலகரத்துக் குறத்தி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிற மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் நடுநாயகம் அழையாமல் தெருவில் வந்த ஒரு பெண். குற்றாலநாதரைக் கண்டு மயங்கிக் கிடக்கிறாள் வசந்தவல்லி. கூடையை இடுக்கிக்கொண்டு வருகிறாள் குறத்தி. தன் மலையின் வளம் சொல்கிறாள், கை பார்த்துக் குறி சொல்கிறாள், கை நிறைய நகையும் பரிசும் வாங்கிப்போகிறாள். இவ்வளவு நகை உனக்கு ஏது என்று அவள் கணவன் சிங்கனே கேட்கும் அளவுக்கு. நூலுக்காகக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது.

வாசலுக்கு வந்த அந்நியப் பெண்ணை இவ்வளவு மரியாதையோடு உட்காரவைத்த இலக்கியம் பிறந்த மண் இது. இருநூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணின் வழிவந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1871 இல் வடக்கே கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவாயின. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கை பார்த்துக் குறி சொன்னவர்களின் கைகளை மையில் தோய்த்துப் பதிவெடுத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1947 இல் அந்தச் சட்டம் ஒழிந்தது, நாடு முழுக்க 1952 இல். சட்டம் போனாலும், கூடையோடு தெருவில் வருகிற பெண்ணைப் பார்த்ததும் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

இதனால்தான் தசராவில் குறத்தி வேஷத்தைப் பார்க்கும்போது எனக்கு முழு மகிழ்ச்சி வருவதில்லை. நேர்ந்துகொண்டு பயபக்தியோடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முருகன் மணந்த வள்ளியின் வேஷமாக நினைத்தே அதைக் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடந்துவந்த ஆபாசத்தை அந்தச் சமூகத்தார் தங்களுக்கான அவமானமாகச் சொல்லிப் போராடினார்கள். 2023 மார்ச்சில் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்கே தடை விதித்தது. அமெரிக்காவிலும் இதே கேள்வி ஹாலோவீனை ஒட்டி எழுந்தது. 2011 இல் ஓஹையோ பல்கலைக்கழக மாணவர்கள், எங்கள் பண்பாடு உங்களுக்கு வேஷம் இல்லை என்ற பொருளில் சுவரொட்டி இயக்கமே நடத்தினார்கள். இன்னொருவரின் வாழ்க்கையை நாம் வேஷமாகக் கட்டும்போது, அவர் அதே தெருவில் எதிரே வந்தால் அவர் கண்ணைப் பார்க்க முடிய வேண்டும். குறத்தி வேஷத்துக்கும் பிச்சைக்காரன் வேஷத்துக்கும் இந்த ஒரு சோதனை போதும் என்று நினைக்கிறேன்.

வாசலுக்கு வந்தவர்கள் இவர்கள் மட்டுமில்லை. ஊரடங்கிய சாமத்தில் சுடுகாட்டுப் பக்கமிருந்து குடுகுடுப்பையை உலுக்கிக்கொண்டு வருவார் சாமக்கோடாங்கி. நாய்கள் ஊளையிடும். அவர் குறி சொல்லும்போது யாரும் எதிரே போகக் கூடாது, கதவு திறக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. பொழுது விடிந்ததும் அதே மனிதர் தலைப்பாகையும் பழைய கோட்டுமாக வந்து நிற்பார், நெல்லோ பழந்துணியோ வாங்கிப்போவார். இரவில் பயந்து நடுங்கிய பிள்ளை காலையில் அவருக்கு முறத்தில் அரிசி கொண்டுவந்து போடும். பயத்தை இரவில் காட்டி, அதன் முகத்தைப் பகலில் கழற்றியும் காட்டிய ஏற்பாடு அது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் தெருக்களில் பக்கிர்சாக்கள் தாயிரா அடித்துப் பாடி, விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுப்புவார்கள், பெருநாளன்று வந்து அன்பளிப்பு வாங்குவார்கள். டிசம்பரில் சுரண்டை, நல்லூர்ப் பக்கம் கீத பவனி நள்ளிரவிலும் கதவு தட்டும். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு அழாத பிள்ளை குறைவு. மழை பொய்த்த வருடங்களில் பெண்கள் வீடு வீடாக மழைச்சோறு எடுத்து, ஊர்ப் பொதுவிடத்தில் கூடிச் சாப்பிட்டு ஒப்பாரி வைப்பார்கள்.

இத்தனை பேரையும் தாங்கிய வீடுகளுக்குத் தற்காப்பும் இருந்தது. விளக்கு வைத்த பிறகு காசும் உப்பும் வீட்டைவிட்டு வெளியே போகாது. “வீட்ல தீட்டு” என்றால் வந்தவர் மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுவார். கொடுக்க மனமில்லாதவரும் “போயிட்டு வாங்க” என்றுதான் அனுப்புவார். எல்லாவற்றுக்கும் மேலாகத் திண்ணை இருந்தது. வந்தவர் உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம், ஆனாலும் வீட்டுக்குள் வந்துவிடவில்லை. செங்கோட்டை, ஆய்க்குடிப் பக்கத்துப் பழைய தெருக்களில் சில வீடுகளில் அதை இன்னும் பார்க்கலாம். மற்ற இடங்களில் திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கேட்டும் கேமராவும் வைத்தோம். வந்தவர் நிற்க இடமில்லாமல் போனதும், திறப்பது அல்லது விரட்டுவது என்ற இரண்டு வழிதான் மிஞ்சியது.

போளூர்

2018 மே மாதம், சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் காரில் போனார்கள். வழி விசாரிக்க நிறுத்திய இடத்தில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் நடமாடுவதாக அப்போது வாட்ஸ்அப்பில் செய்தி பரவிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டு அவர்களைத் துரத்திப் பிடித்து அடித்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டி இறந்துபோனார். மற்றவர்கள் படுகாயமடைந்தார்கள்.

பேட்டன் ரூஜையும் போளூரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு ஊரில் விருந்துக்கு வந்த பையன், இன்னொரு ஊரில் சாமி கும்பிட வந்த பாட்டி. இருவரையும் கொன்றவர்கள் தங்கள் வீட்டைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். வாசலுக்கு வருகிறவரைப் பற்றிய நம் சலிப்பைப் பேசி முடித்துவிடலாம். பயம் அப்படிப்பட்டதில்லை, பேசாமல் விட்டால் கூட்டம் கூட்டும்.

பயப்படக் காரணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நகைக்குப் பாலிஷ் போடுவதாக வந்து ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். கேஸ் அடுப்பு சோதனை என்று சொல்லி உள்ளே நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். தென்காசி, செங்கோட்டைத் தெருக்களில் பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, தனியாகக் காலம் தள்ளும் பெற்றோர் ஏராளம். மணியடித்ததும் எழுந்துவந்து கதவருகே நிற்பதற்கே அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. குற்றாலத்தில் சாரல் மாதங்களில் வாடகைக்கு எடுத்த பக்கத்து வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். வெளியூராரை நம்பி வாழ்கிற ஊர், வெளியூராரைக் கண்டு கதவடைப்பதை வெறும் கல்நெஞ்சம் என்று தள்ளிவிட முடியாது. திறக்காமல் இருப்பதற்கு அந்த முதியவர்களுக்கு முழு உரிமை உண்டு. திறக்காதவரைச் சாமி கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்துவது முத்தாரம்மனுக்கும் அடுக்காது.

வேஷம் கட்டியவர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். மகிஷாசுர வதம் முடிந்து காப்பைக் களைந்த பிறகு அவர் ஆட்டோ ஓட்டுகிறவர், கொத்தனார், செல்போன் கடைக்காரர். அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் தூக்கி வருகிறவராகவும் இருக்கலாம். முகம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும் என்பதைச் சாமக்கோடாங்கி அறிந்திருந்தார். பிள்ளைக்குக் காளியைக் கண்டு பயமென்றால், தெருவில் கதவிடுக்கு வழியே காட்டாமல், ஊர்க் குழுவின் குடிலுக்குச் சாயம் பூசுகிற நேரத்தில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பக்கத்துத் தெரு மாமா எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காளியாகிறார் என்று பார்த்த பிள்ளை, மறுநாள் வாசலில் தானே தட்டில் காசு போடும். அடுக்குமாடியில் ஹாலோவீனுக்கு ஆசைப்படுகிற பிள்ளைகளையும் தடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். எந்தெந்த வீட்டுக்குப் போகலாம் என்று பெரியவர்கள் முன்பே கேட்டு வைத்துவிட்டு அனுப்பட்டும். மிட்டாய்க்கு முன் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வாங்கட்டும்.

குழுக்களிடம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் வீடுகளுக்கு வருவதை முடித்துக்கொள்ளலாம். மருத்துவமனைத் தெருவில் தப்பட்டையை நிறுத்திவிட்டு நடக்கலாம். “போயிட்டு வாங்க” என்று சொன்ன வாசலில் இரண்டாம் முறை கேட்காமல் நகரலாம். காப்பு வாங்கப் போகும்போதே எந்தத் தெரு எந்தக் குழுவுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் பிரித்துக்கொடுத்துவிட்டால், ஒரே வீட்டை ஒரே நாளில் பல தட்டுகள் தேடி வராது. தனியாக இருக்கும் முதியவர்களின் வீடு எது என்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலில் பறையடிக்காமல் கடந்து போகும்படி குழுத் தலைவரிடம் கொடியேற்றத்துக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.